இடப்பக்கத்துத் துறைமுகம்

பழைய தொலைக்காட்சிப் பெட்டியை நிறுத்திய கையோடு அதன் கண்ணாடிக்குக் கிட்டப் புறங்கையைக் கொண்டுபோனால், கையிலுள்ள மயிரெல்லாம் எழும்பி நின்று, தோலுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் "கிர்ர்" என்று மெல்லிய சத்தம் ஒன்று ஓடும். கூடவே சூடேறிய தூசும் பிளாஸ்டிக்கும் கலந்த ஒரு மணம் வரும். திருகோணமலை லிங்கநகரில் எங்கள் வீட்டு முன்னறை முழுக்க அந்த மணம்தான். போன கிழமை தங்கையின் மகன் கெவின் எனக்குக் காட்டிய ஒரு வீடியோ அதை மூக்குக்குள் திரும்பக் கொண்டுவந்து விட்டது. அதற்காக அந்த வீடியோவுக்கு நன்றி சொல்லும் எண்ணம் எனக்கு அறவே இல்லை.

வீடியோவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு சுடும் விளையாட்டு. திரையின் நடுவில் வெள்ளைக் கோடு. இடப்பக்கத்தில் அந்த விளையாட்டு பழைய கேம் பெட்டியில் எப்படி இருந்தது, வலப்பக்கத்தில் இப்போது வந்திருக்கும் புதுப் பெட்டியில் எப்படி இருக்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார்கள். வண்ண விளக்குகள் எரியும் கதிரையில் சாய்ந்திருக்கும் தாடிக்காரர் ஒருவர், பேரப்பிள்ளை காணக்கூடிய வயதில், ஒரு மதிலைப் பெருப்பித்துப் பெருப்பித்துக் காட்டுகிறார். முன்பு இந்த மதிலில் பாசி இல்லையாம், இப்போது பாசி இருக்கிறதாம். சிப்பாயின் கழுத்தில் வியர்வை வழிகிறதாம். சேற்றில் சப்பாத்து பதிந்த அடையாளம் அழியாமல் கிடக்கிறதாம். துவக்குச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாமாம். இந்தக் கடைசி விஷயத்தை அவர் மனிதகுலத்துக்குப் புதிதாகக் கிடைத்த வரம் போலச் சொல்லிவிட்டு, கதிரையில் ஒரு சுற்றுச் சுற்றுகிறார். எங்கள் ஊரில் அந்தச் சண்டைக் காலத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் அது தெரியும். "அது சீனக்குடாப் பக்கம், இது கடல் பக்கம்" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்லுவோம். அதற்கென்று ஒரு பெட்டி வாங்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

வழக்கமாக இப்படியானவற்றைத் தள்ளிவிட்டுப் போகிறவள் நான். ஆனால் இடப்பக்கத்தில் ஒரு துறைமுகம் வந்தது. அது எங்களுடைய துறைமுகம். "கொஞ்சம் நில்லு, போகவிடாதை" என்று கெவினின் கையிலிருந்த தொலைபேசியைப் பிடுங்கினேன்.

எங்கள் அம்மா ஒரு "கேம் கடை" நடத்தினார். அப்பா அப்போது சவூதியில். பிரான்ஸில் இருந்த பெரியம்மா, தன் மகன் விளையாடித் தூக்கியெறிந்த கேம் பெட்டியை உடுப்புகளுக்கு நடுவில் சுற்றி அனுப்பியிருந்தார். எங்களுக்கு விளையாட என்றுதான் அனுப்பினார். அம்மா அதை இரண்டு நாள் அலுமாரிக்குள் வைத்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் முன்னறையில் பாய் விரித்து, ஒழுங்கையிலுள்ள பொடியன்களுக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டார். பெற்ற பிள்ளைகளான நானும் தங்கையும் கதவோரம் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். பொடியன்கள் அம்மாவைக் "கேம் அன்ரி" என்று கூப்பிட்டார்கள்.

அந்தக் கடையில் சட்டங்கள் இருந்தன. செருப்பு வெளியில். தூஷணம் பேசினால் அந்த நேரமே வீட்டுக்கு. தொலைக்காட்சியின் சத்தம் முழுக்கக் குறைக்கப்பட்டிருக்கும், ஏனென்றால் எங்கள் வீட்டுக்குள்ளிருந்து படபடவென்று வெடிச் சத்தம் கேட்டால் அடுத்த வீட்டுக்காரர் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போவார்கள், அதற்குப் பின்னால் "ரவுண்ட்ஸ்" வருகிற ஆமிக்காரரும் படலையில் வந்து நிற்பார்கள். ஆகவே அந்தப் பொடியன்கள் சுட்டதெல்லாம் ஊமைத் துவக்குகளால். எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் ஒன்று இருந்தது. பின்னேரம் கோயில் மணி அடித்ததும் அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு, முன்னறைக்குத் திறந்திருக்கும் நடு அறையில் செபமாலைக்கு முழந்தாளிடுவார். அந்த நேரத்துக்கு வாடகை வாங்கியாயிற்று, பெட்டியை நிறுத்தினால் பொடியன்கள் சண்டைக்கு வருவார்கள். நிறுத்தாமல் விட்டால் மாதாவின் படத்துக்கு நேர் எதிரே ஆட்கள் செத்து விழுவார்கள். அம்மா யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"செபம் முடியுமட்டும் ஒருத்தரும் சுடக் கூடாது. நடக்கலாம்."

இதை வெளியூர்க்காரருக்குச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மணி அடிப்பதற்குள் துறைமுகத்திலுள்ள எதிரிகள் எல்லாரையும் முடித்துவிட வேண்டும், அடுத்த கட்டத்துக்குப் போகும் இரும்புக் கதவை மட்டும் திறக்கக் கூடாது. அப்படி வைத்துக்கொண்டால் செபம் முடியும்வரை யாரும் சுடாத ஒரு துறைமுகம் கிடைக்கும். "டேய், கெதியா முடியடா, மணி அடிக்கப் போகுது" என்று பொடியன்கள் பறப்பார்கள். ஒரு நாள் டொமினிக், ஒழுங்கை முனையில் மாடிவீட்டுப் பொடியன், ஒளித்திருந்த எதிரி ஒருவனைச் செபத்துக்கு நடுவில் சுட்டுவிட்டான். அம்மா முழந்தாளிலிருந்து எழும்பி, "அருள் நிறைந்த மரியே"யை விடாமல் சொல்லிக்கொண்டே வந்து, சுவரிலிருந்த வயரைப் பிடுங்கிவிட்டு, அதே செபத்தின் மிச்சத்தோடு திரும்பிப் போய் முழந்தாளிட்டார். பிறகு ஒருவரும் சுடவில்லை.

சுடாமல் அங்கே என்ன செய்வது? நடப்பதுதான். அந்தத் தாடிக்காரர் ஆயிரம் தரம் ஓடிக் கடந்திருக்கக்கூடிய அந்தத் துறைமுகத்தை எங்கள் பொடியன்கள் அங்குலம் அங்குலமாக நடந்து பார்த்தார்கள், நான் முழந்தாளில் இருந்தபடி கடைக்கண்ணால் பார்த்தேன். அதில் ஒரு மலை இருந்தது. மலைக்குப் பக்கத்தில் உருண்டை உருண்டையாகப் பெரிய தாங்கிகள் இருந்தன. தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டு ஒரு "ஜெட்டி" இருந்தது. எங்கள் ஊரிலும் மலை இருக்கிறது, எண்ணெய்த் தாங்கிகள் இருக்கின்றன, மூதூருக்குப் படகு போகும் ஜெட்டி இருக்கிறது. ஜெட்டிக்குக் கிட்ட மண்ணிறத்தில் நாலு காலோடு ஏதோ ஒன்று அசையாமல் நின்றது. அது மான் என்று நாங்கள் முடிவு கட்டினோம், ஏனென்றால் எங்கள் ஊரில் மான்கள் ஆடு மாடு போலத் தெருவில் நின்று குப்பை தின்னும். மானும் இருந்த பிறகு சந்தேகம் எதற்கு? இந்த விளையாட்டைச் செய்தவர்கள் கப்பலில் வந்து எங்கள் துறைமுகத்தைப் படம் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று ஒழுங்கை முழுக்கக் கதை. உலகத்தில் இத்தனை துறைமுகம் இருக்க அவர்கள் எதற்கு லிங்கநகருக்கு வர வேண்டும் என்று கேட்கும் அறிவு ஒருவருக்கும் இருக்கவில்லை. இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டோம்.

ரிஸ்வான் வந்தது அந்த நாட்களில்தான். மூதூரில் சண்டை மூண்டு சனம் பிள்ளை குட்டிகளோடு நடந்தே வெளியேறியபோது, அவனும் தாயும் எங்கள் ஒழுங்கைக்குப் பின்னால் சொந்தக்காரர் வீட்டில் வந்து ஒண்டியிருந்தார்கள். தகப்பன் மஜீது நானா கந்தளாய் வரைக்கும் கூட வந்து, "மாட்டையும் ஊட்டையும் ஒருக்காப் பாத்துட்டு வாறன்" என்று திரும்பிப் போனவர்தான்; பிறகு சத்தமே இல்லை. படகு ஓடவில்லை, தொலைபேசி எடுபடவில்லை. அவனுடைய உம்மா ஒவ்வொரு நாளும் காலையில் ஜெட்டிப் பக்கம் போய் யாரையாவது விசாரித்துவிட்டு வருவார். என்னைவிட ஒரு வயது இளையவன் ரிஸ்வான். கடைக்கு வந்து வாசலில் நிற்பான், விளையாடக் கையில் ஒன்றும் இருக்காது. செபநேரம் பொடியன்களுக்கு அலுப்பு நேரம், கச்சான் கடலை வாங்க வெளியில் போவார்கள். போகும்போது "இந்தா, நீ நட" என்று விளையாடும் கருவியை இவன் கையில் கொடுத்துவிட்டுப் போகத் தொடங்கினார்கள். அவன் பள்ளிவாசலுக்கு ஓடிப்போய் மஃரிப் தொழுதுவிட்டு வருவதற்கும் நாங்கள் செபமாலையில் மூன்றாம் தேவரகசியத்துக்கு வருவதற்கும் சரியாக இருக்கும்.

அவன் மானையும் பார்க்கவில்லை, தாங்கிகளையும் பார்க்கவில்லை. நேரே ஜெட்டியின் நுனிக்குப் போய் நின்றான். தண்ணீருக்கு அப்பால், வானம் தொடங்கும் இடத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு கோடு கிடந்தது. உண்மையான ஜெட்டியில் தெளிந்த நாளில் நின்று பார்த்தாலும் மூதூர்க் கரை அப்படித்தான் தெரியும். அந்தக் கோட்டில் ஓர் இடத்தில் மட்டும் வெள்ளையாக ஒரு பொட்டு.

"அது எங்கட ஊடு" என்றான். "வாப்பா போன பெருநாளைக்குத்தான் வெள்ளை அடிச்சவர்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் அவன் அங்கே போய் நின்றான். வெள்ளைப் பொட்டு இருக்கிறதா என்று பார்ப்பான், இருக்கும். வீடு இருந்தால் வாப்பா அதற்குள்தான் இருப்பார் என்பது அவனுடைய கணக்கு. பொடியன்கள் கச்சான் கொறித்துக்கொண்டு திரும்பி வந்து பின்னால் நிற்பார்கள், ஆனால் கருவியைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள். அம்மா செபத்தின் கடைசியில் "அக்கரையில இருக்கிறவைக்காக" என்று ஒன்றைக் கூடச் சேர்த்துக்கொண்டதும் அப்போதிலிருந்துதான்.

இதற்குள் டொமினிக்குக்கு அவனுடைய மாமா வெளிநாட்டிலிருந்து புதுப் பெட்டி ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். அதே விளையாட்டு அதிலும் வந்திருந்தது. அவன் வீட்டில் வைத்து விளையாடினால் போதாதா? எங்கள் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்து, எங்கள் தொலைக்காட்சியிலேயே பூட்டி, "இப்ப பாருங்கோ கிளியரை!" என்று காட்டினான். இந்த வீடியோக்காரர் இன்று பார்க்கும் வேலையை அவன் அன்றைக்கே பார்த்துவிட்டான். ஒரே வித்தியாசம், அவனுக்கு மீசை முளைக்கவில்லை. புதுப் பெட்டியில் மான், அடுக்கி வைத்த மரப்பெட்டிகளாகப் போனது. மலை வெறும் கற்குவியல். டொமினிக் தன் சிப்பாயை ஜெட்டி நுனிக்குக் கொண்டுபோய் நிறுத்தினான். அக்கரையில் பாரந்தூக்கிகள் வரிசையாக நின்றன, வெள்ளைப் பொட்டு இருந்த இடத்தில் சதுரமாக ஒரு பலகை, அதில் ஏதோ கிறுக்கல்.

"டேய், அது விளம்பரப் பலகையடா! ஊடாம் ஊடு!" என்று விழுந்து விழுந்து சிரித்தான்.

ரிஸ்வான் கழுத்தை நீட்டித் திரையைப் பார்த்தான், பிறகு எங்கள் அம்மாவைப் பார்த்தான். "அன்ரி, பழசைப் போடுங்களன்" என்றான். அம்மா வந்து டொமினிக்கின் வயரைக் கழற்றி அவன் மடியில் போட்டார். "உங்கட பெட்டியை உங்கட வீட்டில வைச்சு விளையாடுங்கோ தம்பி. இந்த வீட்டில எங்கட பெட்டிதான் ஓடும்." நான் டொமினிக்கை அன்றைக்கு வெறுத்த மாதிரி அதற்குப் பிறகு ஒருவரையும் வெறுத்ததில்லை. இப்போது அவன் கனடாவில் எங்கோ வீடு விற்கிறானாம். விற்கட்டும், அவனுக்கு ஏற்ற தொழில்.

மஜீது நானா வந்து சேர்ந்தது ஒரு சனிக்கிழமை பின்னேரம். காட்டுப் பக்கத்தால் நடந்தும் உழவு இயந்திரத்தில் ஏறியும் சுற்றி வந்திருந்தார். ரிஸ்வான் அவரை ஒரு வாய் தேத்தண்ணீர் குடிக்கவும் விடாமல் கையைப் பிடித்து எங்கள் கடைக்கு இழுத்துக்கொண்டு வந்தான். நாங்கள் செபத்தில் இருந்தோம்; அம்மா சைகையால் கதிரையைக் காட்டினார். அவர் உட்காரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, செம்மண் காலோடு பாயின் ஓரத்தில் நின்றார். ரிஸ்வான் கருவியை வாங்கி, மானைத் தாண்டி, தாங்கிகளைத் தாண்டி, ஜெட்டி நுனிக்கு நடந்தான்.

"வாப்பா, பாருங்க. அந்த வெள்ளையா தெரியிறது எங்கட ஊடுதானே? டொமினிக் இல்லையெண்டு சொல்றான்."

அறையில் எங்கள் முணுமுணுப்பு மட்டும்தான் கேட்டது. மஜீது நானா மகன் பக்கம் குனிந்தார்.

"ஓம் மகன். அதுதான் எங்கட ஊடு. வெள்ளை அடிச்சதுதானே, தூரத்துக்கும் நல்லாத் தெரியிது."

ரிஸ்வான் கருவியைப் பாயில் மெல்ல வைத்தான். அம்மா சொல்லி முடித்த செபத்தையே மறுபடி சொல்லத் தொடங்கினார், தங்கை என் விலாவில் இடித்தாள். செபம் முடிந்ததும் அம்மா குசினியில் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுக்க, மஜீது நானா கதவு நிலையில் சாய்ந்து நின்று மெல்லிய குரலில் சொன்னது எனக்குக் கேட்டது. "ஒரு பக்கச் செவரு மட்டும்தான் நிக்கிது தங்கச்சி. மாடும் இல்ல. பொடியனுக்குச் சொல்லிடாதீங்க." அம்மா சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ரிஸ்வான் அதற்குப் பிறகு திரையிலுள்ள ஜெட்டிப் பக்கம் நடக்கவே இல்லை. தகப்பன் வந்துவிட்டார், இனி எதற்கு என்றுதான் நாங்கள் நினைத்தோம். கொஞ்ச மாதத்தில் அவர்கள் ஊருக்குத் திரும்பிப் போனார்கள்.

இப்போது ரிஸ்வானுக்கு மூதூரில் ஓட்டோ உதிரிப்பாகக் கடை. பாலங்கள் போட்ட பிறகு பஸ்ஸில் ஏறினால் போய் இறங்கிவிடலாம், இருந்தாலும் நாங்கள் அவர்களுடைய பெருநாளைக்கும் எங்களுடைய நத்தாருக்கும் தொலைபேசியில் கதைப்பதோடு சரி. வீடியோவை அவனுக்கு அனுப்பினேன். சிரித்துக்கொண்டே தொலைபேசியில் கூப்பிட்டான்.

"அக்கா, வலப்பக்கம் பாத்தீங்களா? சோடா விளம்பரம்! எழுத்தே வாசிக்கலாம்."

"நல்ல காலம், அண்டைக்கு எங்கட பெட்டி இருந்தது" என்றேன். "டொமினிக்கின்ர கிளியரில எண்டால் உங்கட வாப்பா பாவம், என்னத்தைச் சொல்லியிருப்பார்?"

அவனுடைய கடையில் யாரோ ஏதோ கேட்கும் சத்தம் வந்தது.

"அக்கா, வாப்பா அண்டைக்கு டீவியைப் பாக்கவே இல்ல. என்ர முகத்தைப் பாத்துக்கொண்டுதான் ஓமெண்டவர். அப்பவே எனக்கு விளங்கிட்டு, ஊடு இல்லையெண்டு."

"பிறகேன் ஒண்டும் கேக்கேல்லை?"

"என்னத்தைக் கேக்கிற? அவ்வளவு தூரம் நடந்து வந்த மனுசன்." மூச்சை இழுத்துவிட்டான். "ஊருக்குத் திரும்பிப் போன அண்டைக்கு வாப்பா முன்னுக்கு நடந்தவர், என்னைத் திரும்பிப் பாக்கப் பயம், நான் அழுவன் எண்டு. நான் அழல்ல. எனக்குத்தான் தெரியுமே. அந்தச் செவரைப் புடிச்சிக்கொண்டு வாப்பாதான் அழுதவர்."

தகப்பன் இறந்து நாலைந்து வருடமாகிறது. அவர் கட்டிய புது வீட்டுக்கும் வெள்ளைதான் அடித்தாராம்; இப்போது ரிஸ்வானும் வருடா வருடம் வெள்ளைதான் அடிக்கிறானாம்.

அந்தப் பெட்டி இப்போது இல்லை. சைக்கிளில் பிளாஸ்டிக் சாமான் கொண்டுவருகிறவனிடம் பெட்டியையும் தொலைக்காட்சியையும் கொடுத்துவிட்டு, அம்மா ஒரு பச்சைப் பேசின் வாங்கினார். பேசின் குசினியில் இன்னும் இருக்கிறது, அதில்தான் அரிசி களைகிறோம். முன்னறையை வாடகைக்கு எடுத்தவர் அதில் தொலைபேசிக் கண்ணாடி மாற்றுகிறார், மணி அடித்தாலும் அவருடைய பாட்டு நிற்பதில்லை. அம்மா நடு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு செபம் சொல்லுகிறார். "அக்கரையில இருக்கிறவைக்காக" இன்னும் இருக்கிறது. டொமினிக்குகள் மட்டும் பெருகிப்போனார்கள். வீடியோவுக்குக் கீழே வரிசையில் நின்று பாசியைப் புகழ்கிறார்கள், இடப்பக்கத்தைப் பார்த்து, இந்தக் குப்பையை எப்படித்தான் விளையாடினார்களோ என்று கேட்கிறார்கள். சீ, இவர்களுக்கு யார் பதில் சொல்வது?

"என்ன பெரியம்மா அதில பாக்கிறீங்கள்? லெஃப்ட்டில ஒண்டுமே தெரியேல்லயே" என்றான் கெவின். அன்றைக்கு அவனிடம் பிடுங்கிய தொலைபேசி என் கையிலேயே இருந்தது. ஜெட்டி நுனி, சாம்பல் கோடு, அதில் அந்த வெள்ளைப் பொட்டு. அது என்னவென்று பார்க்க அவன் இரண்டு விரலை வைத்துப் பெருப்பிக்கப் போனான். அவன் கையில் ஓர் அடி போட்டேன்.

"கையை எடு. அது ஆக்களின்ர வீடு."